பால்கறை

சந்தனம் எட்டிப் பறித்த மாங்காயின் காம்பு பாதியில் ஒடிந்தது. பீய்ச்சிய பால் அவன் வலது கண்ணிலும் கன்னத்திலும் அடித்தது. கீழே வலை பிடித்து நின்றவர்கள் “காய், காய்!” என்று கத்தினார்கள். காய் வலையில் பத்திரமாக விழுந்தது. சந்தனம் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மறு கையால் கிளையைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே நின்றான். அவனை இறக்கிவிட ஆள் வருவதற்குள் அடுத்த மரத்துக்கு வலை போய்விட்டது.

மாங்காய்ப் பால் பட்ட இடம் வெந்து போகும். மறுநாளே கன்னத்தில் கொப்புளம் எழும்பி, பிறகு கருகி உரிந்தது. கண் சிவந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. பாலக்காட்டுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் பார்வை போய்விடும் என்று கொல்லங்கோட்டு டாக்டர் சொல்லிவிட்டார். முதலமடையில் அந்தத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த மோகனசுந்தரம் கைவிரித்தார். “அது சூட்டுல வர்ற அக்கி. என்ற தோப்புல யாருக்கும் ஒண்ணும் ஆகல” என்றார்.

சந்தனத்தின் மனைவி நர்மதா அதே தோப்பின் கொட்டகையில் பழம் பிரிக்கிறவள். சாப்பாட்டு நேரத்தில் போனில் வீடியோ எடுத்துப் போடுவாள். காய் பறிப்பதும், காம்பைக் கீழே பார்க்க வைத்துப் பால் வடிய விடுவதும், ஒவ்வொரு பழத்துக்கும் வெள்ளை நுரைவலை மாட்டிப் பெட்டியில் அடுக்குவதும் எங்கெங்கோ இருக்கிறவர்களுக்குப் பிடித்திருந்தது. அதைப் பார்த்துத் தனக்கு வியாபாரம் வந்தவரைக்கும் மோகனசுந்தரத்துக்கும் பிடித்திருந்தது.

பார்த்துவிட்டு யாராவது நியாயம் கேட்பார்கள் என்று புருஷனின் முகத்தையும் அவள் எடுத்துப் போட்டாள். பழைய போன், எல்லாம் கலங்கல் தண்ணீராகத் தெரிந்தது. “அண்ணன் மூஞ்சில சேறா?” என்று கேட்டு ஒருவர் சிரித்திருந்தார். அன்று ராத்திரியே நர்மதா நல்ல போன் வாங்க விற்பதற்காகக் காதுத் தோட்டைக் கழற்றிவிட்டு வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள்.

முதலமடையில் யார் போன் வாங்கப் போனாலும் கையில் ஒரு மாம்பழத்தோடுதான் போவார்கள். வெளியூர் வியாபாரிகள் போனில் வரும் படத்தைப் பார்த்துத்தான் பழத்தை எடுப்பதும் தள்ளுவதும். தோலில் பால் வடிந்து கறுத்த ஒரு கோடு இருந்தால் போதும், லோடே திரும்பி வந்துவிடும். நர்மதாவும் கழிவுக் குவியலிலிருந்து பால்கறை பட்ட ஒரு பழத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கொல்லங்கோட்டில் மஜீத்தின் கடைக்குப் போனாள். கடைக்குள் விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்தியதால் சந்தனம் வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டான்.

“வீடியோ எடுத்துப் போடறதுக்குங்ணா. உள்ளது உள்ளபடி விழோணும்” என்றாள்.

மஜீத் முதலில் காட்டிய போன் பழத்தைப் பவுன் நிறமாக்கியது.

“இது கறையவே அழிச்சுப்போடுது. வேண்டாங்க.”

இரண்டாவது, கிட்டே கொண்டுபோனதும் மங்கியது. மூன்றாவதில் கறையின் ஓரம்கூட வெட்டி வைத்ததுபோலத் தெரிந்தது.

“கை ஆடினாலும் இதுல படம் ஆடாது அம்மிணி. காத்தடிச்சாலும் பேச்சு கேக்கும்” என்றார் மஜீத். “அவரயும் கூப்புடு. மொகத்த ஒரு தடவ எடுத்துப் பாத்துரலாம்.”

“அவருக்கு லைட்டு ஆகாதுங்ணா. பழத்துல கறை தெரியுது. மூஞ்சில தெரியாமயா போயிரும்?”

போனைத் திறக்கக் கைரேகை வைக்கச் சொன்னார் மஜீத். நர்மதா பெருவிரலை மாற்றி மாற்றி வைத்தாள். போன் ஏற்கவில்லை. வருஷக்கணக்காகப் பாலில் வெந்து விரல் நுனியில் ரேகையே மிச்சமில்லை. “நம்பரே போட்டுக்க” என்று மஜீத் தலை குனிந்துகொண்டார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தோப்பில் ஒரு மரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். நர்மதா போனைத் தங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தாள். சுற்றிலும் அடித்த வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை.

“பால் கண்ணுல அடிச்சுதுங்க” என்றான் சந்தனம். “மொதலாளி எட்டிக்கூடப் பாக்கல. இந்தப் பழத்துல இருக்குதே கறை, அதே மாதிரித்தான் என்ற மூஞ்சியும். பாத்துக்குங்க.” பழத்தைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக் காட்டினான். நர்மதா உடனே அதைப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள்.

சாயங்காலம் வீட்டு நிழலில்தான் அவள் அதைப் பார்த்தாள். சந்தனத்தின் முகம் புதுசாகச் சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருந்தது. புண் இல்லை, கருகல் இல்லை, கண்ணில் சிவப்புகூட இல்லை. பக்கத்தில் பழத்தின் கறை மட்டும் அப்படியே, ஓரம் பிசகாமல் இருந்தது. “மாப்ள மாதிரி இருக்கீங்கண்ணா” என்று எழுதியிருந்தார்கள்.

மஜீத்துக்குப் போன் செய்தாள்.

“அது மொகத்த அழகு பண்ற செட்டிங் அம்மிணி. மனுச மொகத்த மட்டும் கண்டுபுடிச்சுத் தொடச்சு உட்டுரும். பழத்தத் தொடாது. அதுக்குத்தான் அவரக் கூப்புடச் சொன்னேன்.”

அவர் சொன்னபடி அதை அணைத்துவிட்டு, மறுபடி எடுத்துப் போட்டாள். இப்போது எல்லாம் தெரிந்தது. கூடவே கேள்வியும் வந்தது: “போன வீடியோல நல்லாத்தானே இருந்தாரு? மேக்கப்பா?” அதற்குக் கீழே ஊரே சேர்ந்து சிரித்தது.

காலையில் மோகனசுந்தரம் இருவரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டார். அவர் போனில் முகம் வெளுத்துத் தெரிந்த அந்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

“வைத்தியத்துக்குக் காசு கேட்டயே சந்தனம், இத பாரு. நீயே ஊருக்குக் காட்டிப்போட்ட. மூஞ்சி கண்ணாடியாட்டம் இருக்குது.”

“அது போன் செஞ்ச வேலைங்க” என்றான் சந்தனம்.

“நேருல நிக்கறாருங்களே மொதலாளி!” நர்மதாவின் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. பிரித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. “போனப் பாக்காதீங்க. உங்க முன்னாலதான நிக்கறாரு? தலயத் தூக்கி மூஞ்சியப் பாருங்க!”

மோகனசுந்தரம் தலையைத் தூக்கவில்லை. இரண்டு விரல்களால் திரையை விரித்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். முகத்தைத் தாண்டிப் பழத்தில் போய் விரல்கள் நின்றன.

“இதென்ன?” என்றார். “பால்கறை! என்ற தோப்புப் பழத்துல கறைன்னு நாடு பூராக் காட்டிப்போட்டயா? கோயமுத்தூர்ப் பார்ட்டி ராத்திரியே கூப்புட்டுக் கேட்டுட்டான். எவன்டா இதப் பறிச்சது?”

சந்தனத்தின் கண்ணிலிருந்து நீர் வடிந்து, புண்ணில் இறங்கி, தாடையில் நின்றது. அவன் துடைக்கவில்லை, துடைத்தால் எரியும்.

“நானுங்க” என்றான்.

“காம்பு ஒடிக்கத் தெரியாதவன் எனக்கு வேண்டாம். நாளைலருந்து வராத.”

“கண்ணக் குடுத்தது இந்தத் தோப்புக்குங்க!” என்று நர்மதா கத்தினாள். “பழத்துக்கு ஒரு கோடு உழுந்தா நெஞ்சு பதறுது. மனுசன் மூஞ்சி வெந்தா அக்கியா?”

சந்தனம் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனான். இரண்டு பேரும் வேலையை விட்டால் அடுப்பு எரியாது என்பது அவளுக்கும் தெரியும். அது தெரிந்ததால்தான் அவளுக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

அடுத்த நாள் அவள் மட்டும் வந்தாள். தோப்பு வாசலில் மேஸ்திரி குப்பண்ணன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே இனி யாரும் போன் கொண்டுபோகக் கூடாதாம். பெண்கள் வரிசையில் நின்று போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். குப்பண்ணன் ஒவ்வொன்றாக வாங்கி மாம்பழப் பெட்டியில் அடுக்கினார்.

நர்மதா புதுப் போனை நீட்டினாள்.

“நல்ல போனாட்டம் இருக்குது. கீறல் உழுந்துறப் போகுது, கண்ணு” என்றார் குப்பண்ணன். நல்ல மனுஷர்தான். பக்கத்துச் சாக்கிலிருந்து ஒரு வெள்ளை நுரைவலையை எடுத்து, விரித்து, போனுக்குப் பதமாக மாட்டிப் பெட்டிக்குள் வைத்தார்.

உள்ளே பழம் வந்து குவிந்திருந்தது. நர்மதா வெறும் கையோடு போய் உட்கார்ந்து, பால் வடிகிற முதல் காயை எடுத்தாள்.