இரண்டு பெரிய வெள்ளிக்கிழமைகள்

“ஊருக்கெல்லாம் ஒரு பெரிய வெள்ளின்னா எனக்கு இந்த வருசம் ரெண்டு. ரெண்டுலயும் பச்சத் தண்ணிதான், ஒரு பருக்க உள்ள எறங்கல!”

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வேப்பமரத்தடியில் கூடியிருந்த பதினொரு பேரிடம் அருள்சாமி இதைச் சொன்னபோது, மரத்திலிருந்த காக்கைகூட நம்பவில்லை. மின்துறையில் முப்பத்தாறு வருடம் கம்பமேறி ஓய்வுபெற்றவர் அவர். ஒரு ஃபியூஸ் போன கதையைச் சொன்னாலும் அதில் இடி விழும், எருமை சாகும், கடைசியில் அவரே ஊரைக் காப்பாற்றியிருப்பார்.

ஆனால் இன்றைக்கு விளையாட்டில்லை. மரித்த ஆண்டவரின் சுரூபத்தைக் கிடத்தி ஊரைச் சுற்றித் தூக்கிவரும் தூம்பாவில், தோள் கொடுக்கும் முன்பக்க இடக்கொம்பு இருபத்தெட்டு வருடமாக அவருடையது. பெரிய வெள்ளியன்று நடுராத்திரி தொடங்கி நடுராத்திரிவரை நோன்பு காத்தவனுக்குத்தான் அடுத்த வருடம் கொம்பு. வெளியூரில் இருந்தாலும் நோன்பு நோன்புதான். வாயால் சொன்னால் போதும், நம்புவார்கள். அவருடைய வாயைத்தான் யாரும் நம்புவதில்லை.

“வெள்ளி முடிஞ்சா சனிதானே மாமா வரும்? ஒங்களுக்கு மட்டும் இன்னா மறுபடியும் வெள்ளி?” என்றார் அவர் மனைவியின் தம்பி ஆன்டனி. இருபது வருடமாக அருள்சாமிக்குப் பின்கொம்பு. முன்கொம்பு காலியானால் அவருக்குத்தான்.

“டோக்கியோவுல மவன் கிளாட்சன் வூட்லேர்ந்து கெளம்பி வெள்ளி சாயந்திரம் அஞ்சுக்கு பிளேன் ஏறுனேன். எட்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர், ஒம்பதேகால் மணி நேரம். மவ இருக்கிற சான்பிரான்சிஸ்கோவுல எறங்குனா அதே வெள்ளி, காலம்பற பத்தேகால். ஏறுறதுக்கு முன்னாடியே எறங்கிட்டேன்!”

“வில்லியனூர்லேர்ந்து பாகூர் போறதுக்குள்ளயே ஒரு பொழுது போவுது. ரெண்டு வெள்ளி பொய்யின்னா நோன்பும் பொய்தான் மாமா. பிளேன்ல நல்லா துன்னிருப்பீங்க.”

சிரித்தார்கள். வழக்கமாக அந்தச் சிரிப்பில்தான் அருள்சாமிக்குக் கதை முளைக்கும். தட்டை நீட்டி நீட்டி அழுத பணிப்பெண்ணைப் பற்றி வாய்வரை வந்தது, சொல்லத் தெம்பில்லை. ஊர் திரும்பி மூன்று வாரமாகியும் தூக்கம் இன்னும் கடலுக்கு அந்தப்பக்கமே கிடந்தது. நோன்பின் முப்பத்தாறாவது மணி நேரத்தில் மகள் சுகந்தி முன்னால் வைத்த கஞ்சியை நினைத்துக்கொண்டார். “ஒரு வெள்ளி இருந்தியேப்பா, போதும், குடி.” அங்கே பார்க்க ஊர்க்காரன் எவனுமில்லை. கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். டோக்கியோ நடுராத்திரியிலிருந்து அமெரிக்க நடுராத்திரிவரை நாற்பது மணி நேரம். வாழ்நாளிலேயே ஒரு சொல்லும் கூட்டத் தேவையில்லாத கதை, அதுதான் விலைபோகவில்லை.

“சரிப்பா. வேற ஆளப் போட்டுக்குங்க. எனக்குத் தள்ளல.” முழங்காலைப் பிடித்து எழுந்தார்.

அவர் நாலடி நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார் ஆன்டனி.

“இருங்க மாமா.”

யாரையும் பார்க்காமல் பேசினார். “சனிக்கெழம விடிகாலைல, ஈஸ்டருக்குக் கோயிலக் கழுவிக்கினு இருந்தப்ப மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்க அப்பவும் பெரிய வெள்ளிதான், கோயில்ல சிலுவைக்கு முத்தம் குடுக்க சனம் வரிசைல நின்னுக்கினு இருந்துச்சு. மாமா செவுத்தப் புடிச்சிக்கினு நின்னாரு. ஒதடெல்லாம் வெடிச்சிருந்துச்சு. நான்தான் இத்தினி நாளா வாயத் தொறக்கல.”

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். தூம்பாவுக்குத் தோள் கொடுக்குமுன் மடிப்பதுபோல நான்காக மடித்து, அருள்சாமியின் தோளில் வைத்து அமுக்கிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்.

“நடந்துச்சுப்பா. ரெண்டு வெள்ளியும் நடந்துச்சு.”