தலையில்லாத பச்சைக் கோட்டு

1926 மார்ச் மாதம், பாரிஸில், இரண்டாம் அங்கத்தின் நடுவே நடிகர் அனிசே கூர்வாலின் தலை காணாமல் போனது. சட்டைக் கழுத்து இருந்தது, குரல் இருந்தது, இடையில் ஒன்றும் இல்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்: பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு மேடையேறியிருந்தார். பாரிஸ் நடிகன் பாம்பை மிதித்தாலும் மிதிப்பான், மேடையில் பச்சையைத் தொடமாட்டான். உடை மாட்டிவிடும் ஒர்த்தான்ஸ் கையைப் பிடித்துத் தடுத்தும் பார்த்தாள்.

“வேணாம் முசியே, பச்சை மேடைக்கு ஆகாது. சொன்னா கேளுங்க.”

“அட போம்மா. என் மூஞ்சிக்கு எதைப் போட்டாலும் எடுப்பாத்தான் இருக்கும்.”

அந்த மூஞ்சிதான் அவருடைய மொத்தச் சொத்து. அதிலும் இடப்பக்கம்தான் அழகு என்று நம்பி, பதினோரு வருடமாகச் சபைக்கு அதை மட்டுமே காட்டி வந்தார். அதற்குத் தோதில்லாத பக்கம் கதாநாயகி நின்றுவிட்டால் காதலைச் சொல்லாமலே போய்விடுவார்.

மறுநாள் பத்திரிகைகள் அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடின. முகத்தால் நம்மைத் தொந்தரவு செய்யாத முதல் நடிகர் என்று ஒரு விமரிசகர் எழுதினார். மேடையில் கோட்டைக் கழற்றக் கூடாதென்று நாடக முதலாளி ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். தலையுமில்லாமல் குரலுமில்லாமல் ஒன்பது ஊமைப்படங்கள், ஒன்பதும் ஓடின. பெண்கள் கோட்டின் படத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். கூர்வாலுக்கு வயிறு எரிந்தது. கோட்டைக் கழற்றினால் தலை திரும்ப வந்துவிடும், ஆனால் தலையோடு தெருவில் போனால் நாய்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

1934இல் பொறுக்கமாட்டாமல், நாடகம் நடக்கும்போதே கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டு, இடப்பக்க முகத்தைக் காட்டி நின்றார்.

“யாருய்யா இவன்? கூர்வாலை வரச்சொல்லு!” என்று மேல்மாடியிலிருந்து ஒருவன் கத்தினான்.

“எறங்குடா, அவிச்ச உருளைக்கெழங்கு!” என்றான் இன்னொருவன்.

காவலாட்கள் அவரைத் தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். நாற்காலியில் கிடந்த கோட்டு எழுந்து, விட்ட இடத்திலிருந்து அவர் குரலிலேயே வசனத்தைத் தொடர்ந்தது. அன்று ஏழு நிமிடம் கைதட்டினார்களாம். ஒர்த்தான்ஸ் வழக்கம்போல் கோட்டுக்குத் தூசி தட்டி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அதன்பிறகு கூர்வால் டிக்கெட் வாங்கி மேல்மாடியில் உட்கார்ந்து பார்க்கலானார். முதல் வருடம் குறை கண்டுபிடிக்கத்தான் போனார். இரண்டாம் வருடமும் குறை அகப்படவில்லை. ஒரு ஞாயிறு மதிய ஆட்டத்தில், ஐந்தாம் அங்கத்தில் கோட்டு உயிரைவிட்டபோது, அவர் வாய்விட்டு அழுதுவிட்டார். பக்கத்து இருக்கை மதாம் இரக்கத்தோடு கைக்குட்டையை நீட்டினாள்.

“என்ன முசியே, கூர்வாலை இப்பத்தான் மொத தடவையா பாக்கறீங்களா?”

“ஆமா மதாம்,” என்றார் கூர்வால், மூக்கைச் சிந்திக்கொண்டு. “நல்லா நடிக்கறான்.”