மங்களமேரியின் கேட்

சப்ரி உள்ளேயிருந்து ஓடிவந்து கேட்டின் இரும்புக் கம்பிகளை இரண்டு கைகளாலும் பிடித்து உலுக்கியபோது மங்களமேரி உடனே எழுந்திருக்கவில்லை. முதலில் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணி பத்து நிமிடம். மழை விட்டு அரைமணிதான் ஆகியிருந்தது. காவல் கொட்டகையின் தகரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"காக், தோலோங், காக்!" என்று கத்தினான். அக்கா, உதவி செய்யுங்கள் என்று மலாயில். பிறகு மூச்சிரைக்க எல்லாவற்றையும் ஒரே அடியாகக் கொட்டினான். கூட்டாளி ஜைனுலைப் பாம்பு கடித்துவிட்டது. கறுப்புப் பாம்பு. மேட்டுக்காட்டில் வெட்டி விழுந்த, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலையைத் தூக்கக் குனிந்தபோது கையில் போட்டுவிட்டது. அறையில் கிடக்கிறான். உடனே வெளியே கொண்டுபோக வேண்டும், திறந்துவிடுங்கள்.

அவள் எழுந்து வந்து கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றாள். பூட்டின் சாவி அவள் இடுப்பில் இருந்தது.

இதே கம்பியில், போன மாதம், இதே சப்ரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து கிடந்தான். வாயில் நுரைகூட இருந்தது. பதறிப்போய்த் திறந்துவிட்டாள். சாலை வளைவு வரைக்கும் குனிந்தபடியே நடந்தவன், வளைவில் நிமிர்ந்தான், ஒரே ஓட்டமாக ஓடினான். மூன்றாம் நாள், இந்த வெளிநாட்டுக் கூலிகளைக் கொண்டுவந்து உள்ளே பூட்டி வைத்திருக்கும் குத்தகைக்காரனின் ஆட்கள் அவனைப் பெடாஸ் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து இடது காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான். என்ன செய்தார்கள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவளுக்குக் கிடைத்தது ஒரு கடிதம். உதவி மேனேஜர் யோகேந்திரன் மேசையின் குறுக்கே அதை நகர்த்தி, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினான்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேல மட்டும் இல்ல ஆன்ட்டி, வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. நான் சொல்லல. கம்பெனி சொல்லுது."

தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீடு அது. அதற்குள் இரண்டு வருடமாக ஒரு பக்கம் விழுந்துபோய்ப் படுத்திருக்கிறான் அவள் புருஷன் சவரிமுத்து. இதே தோட்டத்தில் இருபத்தாறு வருடம் டிராக்டர் ஓட்டியவன். அவனுக்காகக் கொடுத்த வீடு, இப்போது அவள் பார்க்கும் ஜாகா வேலையின், இந்தக் கேட் காவலின், பேரில் நிற்கிறது. கேட்டைக் காப்பதும் கட்டிலைக் காப்பதும் அவளுக்கு ஒன்றுதான்.

"காக், அவன் செத்துருவான்" என்றான் சப்ரி.

அவள் யோகேந்திரனுக்குப் போன் அடித்து, சப்ரி சொன்னதைச் சொன்னாள்.

"அவனா? மறுபடியுமா? கடிபட்டவன நீங்க பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"பாக்காம தொறக்காதீங்க ஆன்ட்டி. நான் மம்பாவ்ல இருக்கேன். அரை மணியில வந்துர்றேன்லா."

நியாயமாகத்தான் பட்டது. போனை வைத்துவிட்டுச் சப்ரியிடம், ஜைனுலை இங்கே கொண்டுவா, பார்த்துவிட்டுத் திறக்கிறேன் என்றாள். அவன் அவளையே பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை. கடிபட்டவன் அசையக்கூடாதுன்னு சொல்வாங்களே காக், என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி, காலைச் சாய்த்துச் சாய்த்து ஓடினான்.

அதற்குப் பிறகு பதினேழு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், திரும்ப உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் கறுப்பு அங்கி போட்ட கிழவர் ஒருவர் கையில் சாவிக்கொத்தோடு நின்றார். புனித அல்போன்ஸ் ரொட்ரிகஸ். சிரம்பான் கோயிலில் ஞானோபதேசம் எடுக்கும் சிஸ்டர் புனிதா, "உங்க தொழிலுக்கே ஒரு புனிதர் இருக்காரு மேரி" என்று சிரித்துக்கொண்டே கொடுத்த படம். அந்த வாரப் பிரசங்கத்திலும் சாமியார் அவரைப் பற்றித்தான் பேசினார். துணி வியாபாரியாக இருந்தவராம். மனைவியையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். வயது கடந்து படிப்பும் ஏறாமல் சபையில் சேர்ந்தார். மயோர்க்கா தீவில் ஒரு கல்லூரி வாசலில் நிற்க வைத்தார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் அங்கேயே நின்றார். மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும், "இதோ வருகிறேன், ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டேதான் கதவைத் திறக்கப் போவாராம். வந்தது பிரபுவானாலும் பிச்சைக்காரனானாலும் அவருக்கு ஒரே வார்த்தைதான்.

வேறொன்றும் செய்யவில்லை, ஒரு கதவைத் திறந்து மூடினார், அதற்கே புனிதர் ஆக்கிவிட்டார்கள் என்பது மங்களமேரியைக் கோயில் பெஞ்சிலேயே நிமிர்ந்து உட்கார வைத்தது. பதினோரு வருடமாக அவளும் அதைத்தான் செய்கிறாள். ஒருநாள் தூங்கியதில்லை. ஒருநாள் பொய்ச் சீட்டுக்கு லாரியை விட்டதில்லை. பூசை முடிந்ததும் சிஸ்டரைத் தேடிப் போய்க் கேட்டாள்.

"சிஸ்டர், தொறக்காதன்னு மேல உள்ளவங்க சொல்லிட்டா, அவரு என்னா செஞ்சிருப்பாரு?"

சிஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "அவரு சொல்லு மீறாதவரு மேரி. கீழ்ப்படிதலுக்கே பேர் எடுத்தவரு" என்றார். அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டார்.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவள் கேட்டை இன்னும் இறுக்கமாகப் பார்த்துக்கொண்டாள். கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அதுவே ஆறுதலாகவும் இருந்தது. சொன்னதைச் செய்வது விசுவாசம், சொன்னதை மீறாமல் இருப்பது அதைவிடப் பெரிய விசுவாசம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்போது அந்தக் கிழவரின் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கோபம் வந்தது. உங்களுக்கு என்ன, உங்களுக்கு மேலே இருந்தவர் திறக்கத்தானே சொன்னார். என்னை வைத்திருப்பது பூட்டுவதற்கு. மணியடிக்கிறவன் கள்ளனா ஆண்டவரா என்று நீங்கள் பார்க்கவேண்டியதில்லை. எனக்கு, தப்பாகப் பார்த்தால் வீடு போகும்.

குலை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியின் கிறீச்சிடல் கேட்டது.

சப்ரி தள்ளிக்கொண்டு வந்தான். பின்னால் ஐந்தாறு பேர். வண்டிக்குள் ஜைனுல் கால்களை மடக்கி, குலை போலவே கிடந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வலது கை முழங்கை வரை வீங்கியிருந்தது. அவள் கையைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள். இமைகள் இரண்டும் பாதியில் தொங்கின. அவன் அவளைப் பார்க்க முயன்றான், இமை எழும்பவில்லை. கடைவாயில் எச்சில் வழிந்தது. ஏதோ சொன்னான், நாக்கு புரளவில்லை.

இப்படித் தொங்கிய ஒரு முகத்தை இரண்டு வருடமாகத் தினமும் துடைத்துவிடுகிறவள் அவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடிக்கலாம். நுரையைக்கூட வரவழைக்கலாம். இமையை இப்படித் தொங்கவிட எந்த மனிதனாலும் முடியாது.

ஆம்புலன்ஸுக்கு அடித்தாள். வண்டி எல்லாம் வெளியே போயிருக்கிறது, நாற்பது நிமிடம் ஆகலாம் என்றார்கள். யோகேந்திரனுக்கு அடித்தாள்.

"பாத்துட்டேன் சார். நெசந்தான். பையன் கண்ணு சொருவுது."

"வந்துகிட்டே இருக்கேன் ஆன்ட்டி. இப்ப தொறந்தா அத்தன பேரும் வெளிய போயிருவானுங்க. அப்புறம் ஒங்களயும் காப்பாத்த முடியாது, என்னையும் காப்பாத்த முடியாது. பத்தே நிமிஷம்..."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் போனைத் துண்டித்தாள். மேலதிகாரியின் பேச்சை அவள் வெட்டியது அதுதான் முதல் தடவை.

சாவி பூட்டுக்குள் நுழைய மறுத்தது. புனிதர் சொன்ன வார்த்தை ஒன்றும் அவள் வாயில் வரவில்லை. "சனியனே, தொற... தொற" என்று பூட்டைத்தான் திட்டினாள். சவரிமுத்துவின் கட்டிலைத் தன் கையாலேயே தூக்கிச் சாலையில் எறிவதுபோல் இருந்தது. பூட்டு விட்டுக்கொடுத்தது. கேட்டைத் தள்ளினாள்.

அவளுடைய பழைய மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் ஏறினார்கள். அவள் முன்னால், நடுவில் ஜைனுல், அவனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் சப்ரி. கிளம்புமுன் ஒரு நொடி பூட்டைப் பார்த்தாள். திரும்பப் பூட்டிவிட்டுப் போகலாம். உள்ளே நின்றவர்களில் மூத்தவரான பாக் அமாட் அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவனையும் பாம்பு கடித்தால்? அவள் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு மோட்டாரை முறுக்கினாள்.

மழையில் ஊறிய செம்மண் பாதை. சக்கரம் வழுக்கிய ஒவ்வொரு தடவையும் ஜைனுலின் தலை அவள் தோளில் மோதியது. அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. அது பட்டுக்கொண்டிருக்கும் வரை சரி என்று நினைத்தாள். ரந்தாவ் கிளினிக்குக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது எதிரே யோகேந்திரனின் பிக்கப் வந்தது. பாதையின் குறுக்கே நிறுத்தி இறங்கினான்.

"கேட்ட யாரு பாக்குறா?"

"யாரும் இல்ல."

"பூட்டுனீங்களா?"

"இல்ல."

"ஆன்ட்டி, என்னா செஞ்சிருக்கீங்கன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும் சார். வழிய விடுங்க."

அவன் கத்த வாயெடுத்தான். அப்போதுதான் ஜைனுலின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தலை பக்கவாட்டில் சரிந்திருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. யோகேந்திரனுக்கு முப்பது வயதுதான். சட்டைக் கையைச் சுருட்டியவன், சுருட்டிய கையோடு அப்படியே நின்றான். பிறகு ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தான்.

"ஏத்துங்க. சிரம்பானுக்கே கொண்டு போறேன். ஆனா இவன் வேணாம்" என்று சப்ரியைக் காட்டினான்.

"ஒருக்களிச்சுப் படுக்க வச்சு யாராச்சும் புடிக்கணும் சார், இல்லாட்டி எச்சி தொண்டைக்குள்ள போயிரும். எனக்குத் தெரியும். இவன் வரட்டும்."

"ஓடிட்டான்னா?"

அவள் சப்ரியைப் பார்த்தாள். அவன் யாரையும் பார்க்கவில்லை. ஜைனுலின் வாயைத் தன் சட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஓடுனா ஓடட்டும். மொதல்ல அங்க போய்ச் சேரணும்" என்றாள்.

பிக்கப் சேற்றை வாரியடித்துத் திரும்பிப் போனது. அவள் தனியாக மோட்டாரைத் திருப்பினாள். கழுத்தில் அந்த மூச்சுப் பட்ட இடம் ஈரமாக, குளிர்ந்துபோய் இருந்தது. அப்போதுதான் கணக்குப் போட்டாள். சப்ரி முதலில் வந்தது நாலு பத்துக்கு. அப்போதே நம்பியிருந்தால், அறைவரைக்கும் மோட்டாரைக் கொண்டுபோயிருந்தால், இந்நேரம் சிரம்பான் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பான். அவனை வண்டியில் குலுக்கிக் கொண்டுவர வைத்தது அவள். திறந்தது பற்றி நாளைக்கு யார் கேட்டாலும் பதில் இருந்தது. அந்தப் பதினேழு நிமிடத்துக்கு அவளிடம் பதில் இல்லை.

கேட் அவள் விட்டுப்போனபடியே விரியத் திறந்து கிடந்தது. உள்ளே பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் போய்விட்டார்கள் என்று பாக் அமாட் தணிந்த குரலில் சொன்னார். யார் என்று அவள் கேட்கவில்லை.

ஆறரை மணிக்கு யோகேந்திரன் போன் செய்தான். குழாய் போட்டு மிஷினில் வைத்திருக்கிறார்களாம். மருந்து ஏறுகிறதாம். சப்ரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

"டாக்டர் என்னா சொன்னாரு?"

"கடிச்சு எவ்ளோ நேரம் ஆச்சுன்னு கேட்டாரு. தெரியலன்னுட்டேன் ஆன்ட்டி."

அவள் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு ஆபீசுக்கு வரணும். வேலைய விட்டு நிறுத்துற லெட்டர நான்தான் டைப் பண்ணணும்."

"வர்றேன் சார்."

"கேட்ட பூட்டிட்டீங்களா?"

"இல்ல."

அவன் பூட்டச் சொல்வான் என்று காத்திருந்தாள். மறுமுனையில் ஆஸ்பத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

வெளிச்சம் மங்கி வந்தது. எங்கும் சேறு. கேட்டுக்கு நடுவே லாரிகள் ஏறி இறங்கும் சிமெண்டுத் தளம் மட்டும் காய்ந்திருந்தது. பாக் அமாட் தொழுகைப் பாயைக் கொண்டுவந்து அங்கே விரித்து அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். மற்றவர்களும் வந்து அவருக்குப் பின்னால் தோளோடு தோள் சேர்த்து நின்றார்கள். பாதி வரிசை தோட்டத்துக்கு உள்ளே, பாதி வெளியே.

அந்த நேரம் பார்த்து ஆலையிலிருந்து திரும்பிய காலி லாரி வளைவில் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து ஹாரனை அழுத்தியது. டிரைவர் நல்லசாமி தலையை வெளியே நீட்டினான்.

"மேரிக்கா, கேட் தொறந்துதான்லா இருக்கு?"

மங்களமேரி சாலை நடுவில் போய் நின்று, இரண்டு விளக்குகளுக்கும் எதிரே கையை உயர்த்தினாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரே நேரத்தில் அத்தனை நெற்றிகளும் தரையைத் தொடும் மெல்லிய சத்தம் கேட்டது. லாரியின் இன்ஜின் அணைந்தது.