கக்கத்தில் இடுக்கிய பாட்டில்

மூட்டை தூக்குகிறவன் காய்ச்சல் என்று வாயைத் திறந்தால் அன்றைய வேலை அடுத்தவனுக்குப் போய்விடும். கிடங்கில் எல்லாரும் பாறை என்று கூப்பிடும் அவன், உடம்பு நோக நோகப் படித்த பாடம் அது. அதனால்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், போர்வைக்குள் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிடந்தான்.

தொடையில் வந்தது அபூர்வமான புற்றுக்கட்டி. வெட்டியெடுத்தும் நுரையீரலில் தலைகாட்டியது. அவன் ரத்தத்திலிருந்தே எதிர்ப்புச் செல்களைப் பிரித்து, புற்றை அடையாளம் காணும்படி ஆய்வகத்தில் மாற்றி, முந்தாநாள்தான் திரும்ப ஏற்றியிருந்தார்கள். இன்று காலையிலிருந்து உடம்பு அனலாய்க் கொதித்தது. தெரிந்தால் வைத்தியத்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதை விட்டால் அவனுக்கு வேறு வைத்தியமும் இல்லை.

நர்ஸ் வருவதைப் பார்த்ததும் பாட்டிலைப் போர்வைக்குள் ஒதுக்கினான். அவள் குளிர்ந்திருந்த அந்தக் கக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்துப் பார்த்தாள்.

"நார்மல்தாண்ணே. உடம்புக்கு ஏதாச்சும் செய்யுதா?"

"பாறைக்கு என்னம்மா செய்யும்? மூட்டை இருந்தா காட்டு, தூக்குறேன்."

அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி, கட்டட வேலைக்குப் போகிறவள், தாகத்துக்குப் போர்வைக்குள்ளிருந்து பாட்டிலை உருவி ஒரு வாய் குடித்தாள்.

"இப்பத்தானே ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்தாந்தேன். அதுக்குள்ள வெந்நியாயிருச்சு?"

அவன் கழுத்தில் கையை வைத்தாள்.

"யோவ், அடுப்பாட்டம் கொதிக்குது. யாரை ஏமாத்துற?"

"கத்தாதடி. வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"அனுப்பட்டும். உன்னைப் பொணமாத் தூக்கிட்டுப் போக நான் என்ன லோடுமேனா?" வாசல் பக்கம் திரும்பினாள். "தங்கச்சி, இங்க வாம்மா. இந்த ஆளு பொய் சொல்றாரு."

இந்த முறை நர்ஸ் மறு கக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உடனே டாக்டரம்மா வந்துவிட்டார். ரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், மருந்தைச் சொட்ட விட்டார்கள்.

"காய்ச்சல் வரும்னு தெரிஞ்சுதான் மருந்தைக் கையிலேயே வச்சிருக்கோம்," என்றார் டாக்டரம்மா. "உள்ள விட்ட செல்லுங்க வேலையில இறங்குனா இப்படிக் கொதிக்கும். கட்டுப்படுத்திரலாம். நீங்க மறைச்சாத்தான் ஆபத்து."

"அப்ப என்னை வெளிய அனுப்ப மாட்டீங்களா?"

"வேலை நடக்கும்போது எங்கய்யா அனுப்புறது?"

சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. பாறை மணியை அழுத்தினான். நர்ஸ் ஓடி வந்தாள்.

"இடது குதிகால் லேசா அரிக்குதும்மா. சொல்லணும்ல?"