ஈரம் ஒன்பது

பாட்டில் நிரம்பிவிட்டது. மூடியை நான் இன்னும் போடவில்லை. ஒன்றாம் நம்பர் ட்ரான்ஸ்பார்மரின் அடிவால்விலிருந்து பிடித்த எண்ணெயின் சூடு கண்ணாடியைத் தாண்டி உள்ளங்கையில் தெரிந்தது. காலையிலிருந்தே மழைக்கு முந்தைய புழுக்கம். இந்தக் காற்றில் திறந்து வைத்தால் எண்ணெய் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பதினான்கு வருடமாக எண்ணெய் பரிசோதிக்கிறவள் நான். மூடி போட மறந்த உதவியாளர்களைத் திட்டித் தீர்த்தவளும் நானேதான்.

ஈரம் அதிகம் என்று ஒரு வரி எழுதினால் போதும். ட்ரான்ஸ்பார்மரை நிறுத்துவார்கள். எண்ணெய் சுத்திகரிக்கும் மெஷினோடு லாரி வரும், லாரியோடு என் வீட்டுக்காரர் வருவார். பத்து நாள் வேலை. அவர் அந்த மெஷினோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவர். நான் இந்த ஊர் ஆய்வுக்கூடத்தை விட்டு நகர முடியாதவள். அவர் வீட்டுக்கு வந்து நூற்றுப் பதினோரு நாளாகிறது. எண்ணவில்லை என்று சொன்னால் பொய்.

“என்ன மேடம், பாட்டிலோட பேச்சுவார்த்தையா?” என்றார் துணைமின் நிலையத்தின் ஆபரேட்டர். வாய் சும்மா இருக்காத மனிதர்.

“குமிழி அடங்கட்டும்னு பாக்கறேன்.”

“நல்லா அடங்கட்டும். இதை நிறுத்தச் சொல்லி மட்டும் எழுதிடாதீங்க. ரெண்டாம் நம்பர் இப்பவே தொண்ணூறு டிகிரியத் தொடுது. மொத்த ஊரையும் அது தலையில கட்டினா பாவம்.”

எனக்குத் தெரியாததை அவர் சொல்லவில்லை. உள்ளே செம்புக் கம்பிகளைச் சுற்றியிருப்பது வெறும் காகிதம். எண்ணெயைச் சுத்தம் செய்யலாம், மாற்றக்கூடச் செய்யலாம். காகிதத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஆறேழு டிகிரி சூடு கூடினால் அதற்கு இரண்டு மடங்கு வேகத்தில் வயதாகும். என் பத்து நாளுக்காக இரண்டாம் நம்பர் தன் ஆயுளில் எத்தனையோ மாதங்களைக் கொடுக்க வேண்டியிருக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை, அதுதான் கஷ்டம்.

உண்மையைச் சொன்னால், நன்றாகவே இருந்தது. மூடி திறந்திருந்த அந்த நாலைந்து நிமிடமும் மனசுக்குள் என் வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். கொடியில் அவர் சட்டை காய்ந்தது. குளியலறையிலிருந்து துண்டு கேட்டுக் கத்தினார். பிறகு நான் பாட்டிலைக் கழிவுப் பீப்பாயில் கவிழ்த்தேன். வேறு பாட்டிலில் புதிதாகப் பிடித்து, மூடியை இறுக்கினேன். கண் கலங்கியது. வெயில் கூசுகிறது என்று சொல்லிக்கொள்ள வெயிலும் இல்லை.

மறுநாள் மதியம் முடிவு வந்ததும் அவருக்குப் போன் செய்தேன்.

“ஒன்னாம் நம்பர் ரிசல்ட் வந்துடுச்சுங்க.”

“எவ்வளவு?”

“ஒன்பது.”

பத்து லட்சத்தில் ஒன்பது பங்கு ஈரம். மெஷினுக்கு இங்கே வேலையே இல்லை. அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

“நல்ல எண்ணெய்” என்றார். பிறகு அங்கே யாரிடமோ, “எல்லாத்தையும் இறக்கிடுங்கப்பா.”

“எதை இறக்கறாங்க?”

“ஹோஸையெல்லாம் லாரியில ஏத்தி வச்சிருந்தேன்.”

“யாரு ஏத்தச் சொன்னா?”

“யாரும் சொல்லல.”

நான் போனை வைக்கவில்லை. அவரும் போனை வைக்கவில்லை. அங்கே குழாய்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. கடைசிக் குழாயும் விழுந்தபின், யாரோ லாரியின் பின்கதவை இழுத்துச் சாத்தினார்கள்.