பன்னிரண்டாவது தட்டில் மனைவி வீட்டில் இருந்த கதை

பாடகர் கரகரப்பின் மனைவி அவரை விட்டு மொத்தம் பதினோரு தடவை போயிருக்கிறாள். முதல் தடவை பஸ்ஸில். இரண்டாவது தடவை ரயிலில். நான்காவது தடவை கப்பலில். ஏழாவது தடவை ஒரு லாரி டிரைவரோடு. பத்தாவது தடவை கொட்டும் மழையில், கையில் குடைகூட இல்லாமல், நடந்தே.

எல்லாம் இசைத்தட்டுகளில்தான். வீட்டில் அவள் பாட்டுக்கு இருந்தாள். பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வரும் உடம்பு அவளுக்கு. கல்யாணமான புதிதில், தங்கைக்குப் பிரசவம் என்று ஒரே ஒரு தடவை மூன்று நாள் போய்விட்டு வந்தாள். வந்ததும் கழுவாத பாத்திரங்களைப் பார்த்து அரைமணி நேரம் திட்டினாள். அந்த அரைமணி நேரத்தில், பக்கத்து அறையில் கிடாரோடு உட்கார்ந்து, 'போயிட்டா' என்ற பாட்டை அவர் எழுதி முடித்தார். அது ஓடிய ஓட்டத்தில் அவருக்குப் பெயர் வந்தது, மேடை வந்தது, இரண்டு அறை வைத்த வீடும் வந்தது. அப்புறம் அவளை வீட்டில் வைத்துப் பாட அவருக்கு எப்படி மனசு வரும்?

அவர் பாடுவது ப்ளூஸ் ராக். துக்கத்தை மின்சாரத்தில் செருகிச் சத்தமாகப் பாடுகிற வகை. அதற்கென்றே அளவெடுத்துச் செய்தது போன்ற குரல். டீக்கடையில் "ரெண்டு டீ" என்று அவர் கேட்டால், டீ போடுகிறவர் அடுப்பைத் தணித்துவிட்டு, "வீட்ல யாருக்காச்சும் முடியலையா?" என்று விசாரிப்பார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து "ஆ" என்றபோது நர்ஸ் வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். இதில் நான் கூட்டிச் சொன்னது எதுவுமில்லை. நர்ஸ் ஒருத்திதானா இரண்டு பேரா என்பதில் மட்டும் சந்தேகம்.

அவருக்கு எழுபத்தொன்று ஆனபோது ஒரு பத்திரிகைக்காரர் வீட்டுக்கு வந்தார். பேட்டி இரண்டு பக்கம் வந்தது. அதன் நடுவில் ஒரு வரி: 'அவர் கண்கலங்கி அமர்ந்திருந்தபோது, அவரது மூத்த சகோதரி தேநீர் கொண்டுவந்து வைத்தார்.'

மனைவி அந்த வரியை மூன்று தடவை படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நான்காவது தடவை படித்தாள்.

"ஏங்க."

"ம்."

"நான் உங்களுக்கு அக்காவாம்."

"அவன் கிடக்கான். விடு."

"உங்களவிட நாலு வயசு சின்னவ நான். நாப்பத்தஞ்சு வருஷமா வர்றவன் போறவனுக்கெல்லாம் கதவத் தொறந்துவிட்டு, 'ஐயாவ நல்லாப் பாத்துக்கம்மா, அந்தப் பாவி போயிட்டா'ன்னு அவனுங்க சொல்றதக் கேட்டுட்டு நின்னிருக்கேன். நர்ஸுன்னான், பொறுத்தேன். சமையல்காரின்னான், பொறுத்தேன். அக்கான்னு சொல்லிட்டான்."

"என்ன பண்ணச் சொல்ற?"

"அடுத்த தட்டுல நான் வீட்ல இருக்கணும். உலகம் பூரா தெரியணும். இல்லன்னா நெசமாவே கிளம்பிடுவேன். தங்கச்சி வீட்டுக்கு. பஸ்லயே."

கரகரப்பு அவளை நிமிர்ந்து பார்த்தார். வாந்தியைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல் ஒருத்தி பேசுகிறாள் என்றால் அது விளையாட்டில்லை.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தார். பதினைந்து நாளில் பத்துப் பாட்டு. பத்தும் சத்தியம். ஒன்று அவள் துணி காயப் போடுவதைப் பற்றி. ஒன்று அவர் தொலைத்த மூக்குக்கண்ணாடியை அவள் தேடித் தருவதைப் பற்றி. ஒன்று, கதவு கிரீச்சிடுகிறது, எண்ணெய் விடு என்று அவள் ஒன்பது மாதமாகச் சொல்லிவருவதைப் பற்றி. தட்டுக்குப் பெயர் 'வீட்டில்தான் இருக்கிறாள்'. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்ல முடியும்?

ஸ்டூடியோவில் முதல் பாட்டை எடுத்தார்கள். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம். கரகரப்பு பாடும்போது வலது காலால் தரையைத் தட்டுவார் என்பதால் காலடியில் ஒரு பலகை, பலகைக்குத் தனியாக ஒரு மைக். கால் தாளம் தட்ட, கிடார் முனக, அவர் பாடினார்: "அடுப்படியில் இருக்கிறாள்... அடுப்படியில் இருக்கிறாள்..."

முடிந்ததும் டிரம்மர் குச்சிகளைக் கீழே வைத்தார். முப்பது வருடமாகக் கூடவே வாசிக்கிறவர். போன ஞாயிற்றுக்கிழமைகூட அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். அண்ணி அடுப்படியில செத்துக் கெடக்குறாங்களா?"

"ஏன்டா, ஆம்லெட் போடறாடா!"

"ஆம்லெட்டா? சரிண்ணே. எனக்கு அப்படிக் கேக்கல."

"சந்தோஷமா வாசிடா."

"நான் சந்தோஷமாத்தான் வாசிக்கிறேன். நீங்க பாடறதுதான் அப்படி இருக்கு."

ராகத்தை மாற்றிப் பார்த்தார்கள். வேகத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். கரகரப்பு சிரித்துக்கொண்டே பாடிப் பார்த்தார். ஒலிப்பதிவாளர், "ஐயா, சிரிக்காதீங்க, இன்னும் பயங்கரமா இருக்கு" என்றார். குரலை என்ன செய்வது? அது பிறவியிலேயே அப்படி.

கடைசிப் பாட்டை எடுக்கும்போதுதான் ஒரு விஷயம் நடந்தது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் உள்ளே வரக்கூடாது. மனைவிக்கு அது தெரியாது. நாற்பத்தைந்து வருடத்தில் ஸ்டூடியோவுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. மாத்திரை டப்பாவை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததால் எடுத்துக்கொண்டு நடந்தே வந்திருந்தாள். பாட்டின் கடைசிச் சுரம் அடங்கிக்கொண்டிருந்த நேரம், கதவைத் திறந்து, "ஏங்க, மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

ஒலிப்பதிவாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். கரகரப்பு துள்ளி எழுந்தார்.

"அழிச்சிடாதய்யா! அப்படியே இருக்கட்டும். இதைவிடப் பெரிய சாட்சி வேற எவன்கிட்ட இருக்கு?"

மனைவிக்கும் திருப்தி. தன் குரலை இரண்டு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்" என்றாள்.

தட்டு வெளியானது. மதிப்புரைகள் வந்தன.

ஒரு பத்திரிகை எழுதியது: 'இதுவரை வந்தவற்றிலேயே இதுதான் கொடூரமான சோகம். அவள் போய்விட்டாள் என்று பதினோரு தடவை பாடியவர், இப்போது அவள் வீட்டில் இருப்பதாக நம்பத் தொடங்கிவிட்டார்.' இன்னொன்று: 'துணி காயப் போடும் பாட்டைக் கேட்டபின் என்னால் மூன்று நாள் துவைக்க முடியவில்லை.' கடைசியில் வரும் பெண்குரலைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். எந்தக் காலத்து ஒலிநாடாவிலிருந்து அதைத் தோண்டி எடுத்தாரோ என்று ஒருவர் உருகினார். மற்றொருவர் அதைவிட ஒரு படி மேலே போய், அது கரகரப்பு தானே பெண்குரலில் பேசியது என்று கண்டுபிடித்தார். அந்த வருடத்தின் சிறந்த துயரத்துக்கான விருது ஒன்றும் வந்தது. நல்ல கனம். கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்க மனைவி அதை வைத்துக்கொண்டாள்.

வாசலில் ரசிகர்கள் சாமான்களை வைத்துவிட்டுப் போனார்கள். கம்பளிக் காலுறைகள், ஒரு மனநல மருத்துவரின் கடிதம், கடைசியாகக் கூடையில் ஒரு பூனை. கூடையில் சீட்டு கட்டியிருந்தது: 'இனி இது இருக்கும்.'

கரகரப்பு சும்மா இருக்கவில்லை. வானொலியில் நேரலை நிகழ்ச்சிக்குப் போன் போட்டு, "ஐயா, என் சம்சாரம் வீட்லதான் இருக்கா. இந்தா, அவகிட்டயே பேசுங்க" என்று கொடுத்தார்.

"வணக்கம். நான் அவரு சம்சாரம் பேசறேன். நான் எங்கயும் போகல."

அந்தப் பக்கம் அறிவிப்பாளர் தழுதழுத்த குரலில், "ஐயாவின் மன ஆறுதலுக்காக இப்படி ஒத்துழைக்கும் அந்த நர்ஸம்மாவுக்கு நம் எல்லோர் சார்பிலும் நன்றி" என்றார். பாட்டுப் போட்டார்கள். 'போயிட்டா'.

மனைவி போனை வைத்தாள். மறுநாள் காலை பத்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டாள்.

"நான் என்னம்மா செய்வேன்? உள்ளதத்தான பாடினேன்?"

"பாடினீங்க. நான் இல்லன்னும் சொல்லல. ஆனா சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல? பூனைக்குப் பால் ஊத்துங்க."

பஸ் ஏறிப் போயே போய்விட்டாள்.

கரகரப்பு டிரம்மருக்குப் போன் செய்தார்.

"போயிட்டாடா."

"நல்லா இருக்குண்ணே. பழைய மாதிரியே இருக்கு. அடுத்த வரி என்ன?"

"பாட்டு இல்லடா! நெசமாவே பஸ் ஏறிப் போயிட்டா."

"பஸ்ஸு ஏற்கெனவே வந்திருச்சேண்ணே, மொதத் தட்டுல. வேற ஏதாச்சும் யோசிங்க. விமானம் இன்னும் வரல."

பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் தோளைத் தட்டி, "அது ஆச்சு நாப்பத்தஞ்சு வருஷம். மறக்கப் பாருங்க" என்றார். டீக்கடையில் சொன்னார். "எத்தனாவது பாட்டுங்க?" என்று கேட்டார்கள். ஊரில் ஒரு ஆளுக்குக்கூடப் புதுச்சேதியாக இல்லை.

சரி, இந்தத் துக்கத்தையாவது பாட்டாக்கலாம் என்று கிடாரை எடுத்தார். உண்மையான சரக்கு, முதல் தடவையாகக் கையில் வந்திருக்கிறது. 'போயிட்டா' என்று எழுதினார். அடுத்த வரி வரவில்லை. காது கொடுத்துப் பார்த்தார். பக்கத்து அறையில் பாத்திரம் உருளவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. பூனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மூக்குக்கண்ணாடியும் தொலைந்துபோனதால், எழுதினாலும் படிக்க முடியாத நிலைமை.

நான்காம் நாள் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். இரண்டு மணி நேரப் பயணம்.

கதவைத் திறந்தவர் சகலை, மனைவியின் தங்கை புருஷன். கண் சிவந்திருந்தது. உள்ளே தட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க சகலை. மனச விட்டுடாதீங்க. அண்ணி இப்படிப் பண்ணியிருக்கக் கூடாது."

"உள்ள இருக்காளா?"

"உள்ளதான் இஸ்திரி போட்டுட்டு இருக்காங்க. ஆனா அந்தப் பாட்டுல போறாங்க பாருங்க, மழையில, அத நெனச்சா எனக்குத் தாங்கல சகலை."

இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல் மனைவி கேட்டாள்.

"எத்தன பாட்டு ஆச்சு?"

"ஒண்ணும் வரல."

"நாலு நாள்ல ஒண்ணுகூடவா?"

"ஒரு வரி வந்துச்சு. அதுவும் பழசு."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். நான்கு நாளாக அவர் ஒரே சட்டையைப் போட்டிருந்ததையும், அதையும் பொத்தான் மாற்றிப் போட்டிருந்ததையும் பார்த்தாள். எந்தப் பத்திரிகையும் அவளைப் பற்றி அந்தச் சட்டை அளவுக்கு நல்லதாகச் சொன்னதில்லை.

"கண்ணாடி எங்க?"

"காணோம்."

"ரொட்டி டப்பாக்குள்ள பாத்தீங்களா?"

"அங்க எதுக்குப் போகுது?"

"எதுக்குப் போகுதுன்னு உங்களத்தான் கேக்கணும். வருஷத்துக்கு நாலு தடவ அங்கதான் இருக்கு." பையில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். "பால் ஊத்தினீங்களா அதுக்கு?"

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரத்தில் அவள், பக்கத்தில் அவர், அவள் மடியில் கூடையோடு பூனை. கரகரப்பு "ரெண்டு டிக்கெட்" என்றதும் கண்டக்டர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயா! இந்தக் குரல் எனக்குத் தெரியாதா? எல்லாத் தட்டும் வீட்ல இருக்குங்க. கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க, அந்தம்மா கடைசி வரைக்கும் வரவே இல்லையா?"

கரகரப்பு எழுந்தே நின்றுவிட்டார். பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "வந்துட்டா. இதோ உக்காந்திருக்கா. என் சம்சாரம். எனக்குக் கட்டின சம்சாரம் இவதான்."

கண்டக்டர் அவளைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். மெதுவாகத் தலையாட்டினார்.

"ரொம்ப சந்தோஷங்க. இந்த வயசுல ரெண்டாவதா ஒரு துணை அமையறது லேசில்ல." அவள் பக்கம் குனிந்து தணிந்த குரலில், "அம்மா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மொதல் சம்சாரத்த இவரு மறக்க மாட்டாரு. நீங்கதான் கொஞ்சம் பொறுத்துப் போகணும்" என்றார்.

கரகரப்பு வாயைத் திறந்தார். மனைவி அவர் வலது காலை மிதித்தாள். வாயை மூடிக்கொண்டார்.

"பொறுத்துத்தான் போறேன் தம்பி," என்றாள். "அவ எப்படி இருப்பாளாம்?"

"ரொம்ப அழகா இருப்பாங்களாம். நாலாவது தட்டுல வருது."

"ஓகோ."

கண்டக்டர் முன்பக்கம் போனார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தால் வாந்தி வருகிற மாதிரி இல்லை. அவர் பக்கம் திரும்பினாள்.

"நர்ஸு இல்ல. அக்கா இல்ல. பொண்டாட்டின்னு ஒருத்தன் வாயால வந்துடுச்சு."

"ரெண்டாவதுன்னு சொல்றானேம்மா."

"சொல்லட்டும். அந்த ஓடிப்போனவளுக்குப் பதினோரு தட்டு போட்டீங்க. எனக்கு இதுவரைக்கும் ஒண்ணுதான் ஆயிருக்கு. இன்னும் பத்து பாக்கி. இந்த ஜென்மத்துல முடிப்பீங்களா?"

கரகரப்பு யோசித்தார். பதில் சொல்வதற்குள் வலது கால் தானாகவே பஸ்ஸின் தகரத் தரையில் தட்டத் தொடங்கியது. அடுத்த வரி வந்துவிட்டது. அதற்கடுத்ததும் வந்தது. கால் பலமாகத் தட்டியது.

யாரோ இறங்க வேண்டும் என்று தட்டுவதாக நினைத்து டிரைவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். கதவு திறந்தது. எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

யாரும் இறங்கவில்லை.