பூட்டி வைத்த அலைவரிசை

நெப்ராஸ்காவில் சோளக்காடு சூழ்ந்த ஒரு சிற்றூர். அங்கே லோவெல் பிராண்ட்டுக்கு மகளின் குரலைக் கேட்க ஒரே வழி, சமையலறை ஜன்னலோரம் இருந்த, அடுத்தவர் ரேடியோப் பேச்சை ஒட்டுக்கேட்கும் ஸ்கேனர் பெட்டிதான். மகள் நோரீன் மாவட்ட அவசர உதவி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். போலீஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் ரேடியோவில் தகவல் சொல்வது அவள்தான். மனைவியின் அடக்கத்தன்று ஏதோ கோபத்தில் லோவெல் அவளிடம், "இனி இந்த வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். அவளும் மிதிக்கவில்லை. அப்பனின் பிடிவாதம் மகளுக்கு வராமல் எங்கே போகும்?

ஒரு திங்கட்கிழமை ஸ்கேனர் ஊமையாகிவிட்டது. மனிதர் துடித்துப்போனார். காபிக் கடைக்கு ஓடினார்.

"புது ரேடியோ போட்டுட்டாங்கய்யா. போலீஸ் பேசறத இனி யாரும் கேக்க முடியாது" என்றார் அங்கிருந்த ஆர்வில் என்பவர், தீயணைப்புப் படையில் சம்பளமில்லாத் தொண்டர். "ஒனக்கென்ன, ஊர் வம்பு கேக்காம சோறு எறங்கலியா?"

"தீயணைப்பும் போச்சா?"

"அது எங்க போவும். எங்க இடுப்புல தொங்கற ரேடியோப் பெட்டியெல்லாம் அரதப்பழசு. புதுசு வாங்கற வரைக்கும் திறந்த அலைவரிசைதான். தேடிப் பாரு, கெடைக்கும்."

தேடினார். ஸ்கேனர் எண்களின் மேல் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. தானியக் கிடங்கு ஆட்கள் கிடைத்தார்கள், பள்ளிப் பேருந்து கிடைத்தது. நோரீன் கிடைக்கவில்லை. நாளெல்லாம் உட்கார்ந்து இடுப்பு கழன்றதுதான் மிச்சம். அழுகை வந்தது, வீட்டில் தடுக்க யார் இருக்கிறார்கள், அழுதார்.

அப்புறம்தான் பொறி தட்டியது. இரைச்சல் வரும் எண்ணில் ஸ்கேனர் சிக்கி நின்றுவிடும் என்பதால், அதைப் பூட்டி வைப்பது வழக்கம். பூட்டியதை அது தொடாமல் தாண்டிப் போகும். மேசை விளக்கு புதிதாக வாங்கியபோது, அதனால் ஓர் எண்ணில் ஓயாத இரைச்சல். எரிச்சலில் அதைப் பூட்டியது அவரே; தீயணைப்பின் எண் அதுவாகத்தான் இருக்கும்.

"புத்தி கெட்ட கழுதை" என்று தன்னைத் திட்டிக்கொண்டே பூட்டை எடுத்தார். விளக்கை அணைத்தார். இரைச்சல் நின்றது. மாலை மங்கலில் காத்திருந்தார்.

ஸ்கேனரில் மணியோசை. பிறகு அவள். "கல்லறை ரோட்டுல வைக்கோல் கட்டு பத்திக்கிச்சு, ரெண்டு வண்டி வாங்க." குரல் கம்மியிருந்தது. நடுவில் இருமினாள்.

"சூடா ஏதாவது குடிம்மா" என்றார் ஸ்கேனரிடம். அது கேட்க மட்டுமே தெரிந்த பெட்டி.

தீ அடங்கியது என்று அவள் அறிவிக்கும்வரை பொறுத்திருந்து, அலுவலகத்தின் சாதாரண எண்ணுக்குப் போன் செய்தார்.

"மாவட்ட அலுவலகம், சொல்லுங்க."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சார், லைன்ல இருக்கீங்களா? அவசரமா?"

"அவசரமில்ல. ஒனக்கு... சளி பிடிச்சிருக்கு."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பா, இந்த லைன்ல பேசக் கூடாது. எட்டு மணிக்கு வீட்டுல இருப்பேன். என் நம்பர் இருக்கா?"

"இல்ல."

அவள் ரேடியோவில் சொல்வதுபோலவே ஒவ்வோர் எண்ணாக, நிதானமாகச் சொன்னாள். அவருக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"சரியா கேக்கலம்மா" என்றார். "இன்னொரு தடவ சொல்லு."